‘அதுவே இது’ எனல்: பொருண்மை வலையில் பொருத்துதலும் பொறுப்பும் – வேங்கடச் சூழலை முன்வைத்து

இரு வேறு பெயர்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று கூறும் உரிமை ஒருவர்க்கு எங்ஙனம் வருகிறது? இலக்கணத்திற்கும் அளவையியலுக்கும் இது பழைய வினா. ஆயினும், கணிப்பொறியின் துணைகொண்டு அறிவுத் தொகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சிகள் கடந்த கால் நூற்றாண்டில் பெருகியதன் பின்னர், அது அறவியல் வினாவாகவும் உருப்பெற்றுள்ளது. அறிஞர் ஒருவர் தம் நூலில் இரண்டினை ஒன்றெனக் கூறின், அதனை மறுக்க மற்றோர் அறிஞர் வருவர். படிப்பவரும் இருவர் கூற்றையும் சீர்தூக்குவர். பொறியில் அவ்வாறு எழுதிவைத்தாலோ, அதனை ஐயமின்றி ஏற்று, அதன்மேல் முடிவுக்குமேல் முடிவாக அடுக்கிச் செல்லும் வேறு பொறிகள் உள்ளன. ‘அதுவே இது’ என்னும் கூற்று ஒன்றைக் கண்டறிதல் மட்டுமன்று. அது ஒரு செயல். செயலாதலின் அதற்குச் செய்தோன் உண்டு; பொறுப்பும் உண்டு. இக்கருத்தினை, வேங்கட மலையைச் சூழ்ந்த திருப்பதி, சித்தூர், குப்பம் ஆகிய தமிழ்–தெலுங்கு எல்லைப் பகுதிகள் தரும் சான்றுகளைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பொருண்மை வலையும் நிகண்டும்

2001ஆம் ஆண்டு மே மாதச் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, பொருண்மை வலை என்னும் கனவினைப் பொதுமக்கள் முன் வைத்தது. மனிதர் படிப்பதற்கென எழுதப்பட்ட பக்கங்களைப் பொறிகளும் பொருளறிந்து படிக்க வேண்டும் என்பதே அக்கனவின் சாரம். அதற்குச் சொற்கள் போதா. சொற்களுக்குப் பின்னாலுள்ள பொருட்பாகுபாடு வேண்டும். எவை உள்ளன, எது எதன் வகை, எது எதனோடு எவ்வுறவு உடையது என்று வெளிப்படையாக வகுத்துரைக்கும் அமைப்பினைக் கணிப்பொறி அறிஞர் ‘ஆன்டாலஜி’ என்பர். மேலை மெய்யியலில் உள்பொருளை ஆராயும் துறைக்கு உரிய பெயரை அவர்கள் கடன்கொண்டனர். டாம் குரூபர் 1993இல் இதற்குத் தந்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது. கருத்தமைப்பு ஒன்றனை ஐயத்திற்கு இடமின்றி வெளிப்படுத்திக் கூறுவதே ஆன்டாலஜி என்பது அதன் கருத்து.

பெயர் புதிதாயினும் செயல் நமக்குப் புதிதன்று. திவாகரம் உலகப் பொருள்களைத் தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனத் தொடங்கிப் பன்னிரு தொகுதிகளாக வகுத்தது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவு வேறுபாட்டால் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக நிரற்படுத்தியது. ஒருபொருட் பன்மொழி, பலபொருள் ஒருசொல் என்னும் பாகுபாடுகள் நம் மாணவர்க்குப் பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமானவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நிகண்டாசிரியர் தம் மொழிக்குள், தம் மரபினர்க்காகத் தொகுத்தார். அத்தொகுப்பினை வேறொரு மொழியின் கோசத்தோடு இயந்திரம் போற் பொருத்தும் வேலை அவர்முன் இருந்ததில்லை.

இன்றைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உலகோர் அனைவர்க்கும் பொதுவான ஒரே பாகுபாடு இல்லை, இருக்கவும் இயலாது. ஆகவே இருவர் தனித்தனியே வகுத்த இரண்டு பாகுபாடுகளை எடுத்துக்கொண்டு, இதில் உள்ள எது அதில் உள்ள எதற்கு இணை என்று காணும் ‘ஆன்டாலஜி பொருத்துதல்’ தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. ஜெரோம் யூஸநா, பாவெல் ஷ்வைகோ ஆகியோர் 2007இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது. பெயர் ஒப்புமை, அமைப்பு ஒப்புமை, உறுப்பினர் ஒப்புமை ஆகியன பொருத்துதற்குப் பயன்படும் முதன்மை வழிகள்.

இவற்றுள் பெயர் ஒப்புமையின் நம்பகமின்மையை உணர்வதற்குச் சித்தூரில் ஒரு நாள் தங்கினாற் போதும். தமிழர்க்கு ‘அவசரம்’ விரைவு. தெலுங்கர்க்கு அதே சொல் தேவை. இந்தியில் ‘அவசர்’ வாய்ப்பு. ‘உபன்யாசம்’ தமிழில் பெரும்பாலும் சமயச் சொற்பொழிவு. தெலுங்கில் எவ்வகைச் சொற்பொழிவும் ஆகலாம். இந்தியில் ‘உபன்யாஸ்’ என்பது புதினம். மூன்றும் ஒரே வடசொல்லே. எழுத்து ஒப்புமை மட்டுமே கண்டு பொருத்தும் கருவி, சமயச் சொற்பொழிவாளர் ஒருவரைப் புதின ஆசிரியர் ஆக்கிவிடும். நகைப்பிற்குரிய இப்பிழைகளாற் பெருந்தீங்கு இல்லை. எவரும் எளிதிற் கண்டு திருத்துவர். அறவியல் அக்கறைக்கு உரியவை, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தங்கிவிடும் பொருத்தங்களே.

டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2004 பிப்ரவரியில் பரிந்துரைத்த ஆன்டாலஜி மொழியில், ‘அதுவே இது’ என்னும் உறவுக்கெனத் தனிக் குறியீடு ஒன்று அமைந்துள்ளது. அதன் பொருள் மிகக் கடுமையானது. ‘அ’வும் ‘ஆ’வும் ஒன்று என்று எழுதினால், அ பற்றிக் கூறப்பட்ட அனைத்தும் ஆவுக்கும் உரியன, ஆவும் இயும் ஒன்றெனில் அவும் இயும் ஒன்று. ஒன்றாக உள்ளவை எல்லாப் பண்புகளிலும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் லைப்னிட்ஸின் நெறியே இங்குப் பொறியின் விதியாகியுள்ளது. இக்குறியீடு தளர்ந்த பொருளிலும் தவறாகவும் பரவலாக ஆளப்படுவதனை ஹாரி ஹால்பின் முதலியோர் 2010இல் எடுத்துக்காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அதாவது 2009இல், ‘ஸ்கோஸ்’ என்னும் மற்றொரு பரிந்துரை வந்தது. அது சரியான இணை, நெருங்கிய இணை, இதனினும் விரிந்தது, இதனினும் குறுகியது, தொடர்புடையது மட்டும் எனப் பொருத்தத்திற்குப் படிநிலைகளை வகுத்தது. கருவிகள் இவ்வாறு திருந்தியுள்ளன. ஆனால் எந்தப் படியைத் தேர்வது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

குப்பத்தில் கிடைத்த பாடம்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில், தமிழ்நாடும் கருநாடகமும் ஆந்திரமும் கூடும் இடத்திற்கு அண்மையில் உள்ளது குப்பம். அங்கு 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், இந்திய மொழிகளின் சொல்வலைகளை இணைக்கும் ‘இண்டோவேர்ட்நெட்’ பெருந்திட்டத்தின் பகுதியான திராவிடச் சொல்வலையில் தெலுங்குப் பணியை மேற்கொண்டது. தமிழ்ப் பணியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஈடுபட்டது. கன்னடம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தையும் மலையாளம் கோவை அமிர்தா பல்கலைக்கழகத்தையும் சார்ந்தன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் உருவான இந்திச் சொல்வலையே இவையனைத்திற்கும் அடித்தளம். இந்தியில் வகுக்கப்பெற்ற ஒவ்வொரு கருத்தன் எண்ணையும் எடுத்துக்கொண்டு, அக்கருத்திற்குத் தம் மொழியில் உள்ள சொற்களை நிரப்புதல் பிற மொழியினர் பின்பற்றிய முறை. இம்முறையால் உழைப்பு குறைகிறது. பதினெட்டு மொழிகளும் ஒரே எண்ணாற் பிணைக்கப்படுகின்றன. இதன் பயனை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் உறவுப் பெயர்களை இவ்வழியில் நிரப்பும்போது நேர்வதனை நோக்குதல் வேண்டும். தமிழில் ‘அத்தை’ தந்தையின் உடன்பிறந்தாள். பல வட்டாரங்களில் தாய்மாமன் மனைவியும் அத்தையே. வாழ்க்கைத் துணையின் தாயும் அத்தையே. தெலுங்கில் ‘அத்த’ என்னும் சொல்லும் இம்மூவரையும் தழுவும். சொல் ஒன்று; அது தழுவும் பரப்பு ஒன்று; அப்பரப்பின் பின்னுள்ள மணமுறையும் ஒன்று. இந்தியிலோ ‘பூஆ’, ‘மாமீ’, ‘சாஸ்’ என மூவரும் வெவ்வேறு கருத்துகள், மூன்று எண்கள். ஆகவே தமிழ் அத்தை மூன்றாக உடைந்து மூன்று எண்களின் கீழ்ப் போய்ச் சேரும். தெலுங்கு அத்தவும் அவ்வாறே சேரும். உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்பது மெய்யே. எனினும், ஏன் மூவர்க்கும் ஒரே சொல் அமைந்தது என்னும் செய்தி இரு மொழிகளிலும் இழக்கப்படுகிறது. அண்டை வீட்டார் இருவர் நேரிற் பேசியிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும் உரையாடல், தொலைவிலுள்ள மூன்றாமவர் வழியே நடந்தமையால் தன் உட்பொருளை இழந்தது.

இதனினும் கூர்மையான சான்று தாய்மாமன் மகன். அவன் இந்தியில் ‘மமேரா பாயீ’. அதாவது சகோதரன் என்னும் வகையின் உள்வகை. தமிழில் அவன் அத்தான் அல்லது மச்சான். தெலுங்கில் ‘பாவ’ அல்லது ‘பாவமரிதி’. தமிழ், தெலுங்கு மரபில் அவன் சகோதரன் அல்லன் என்பதே அவ்வுறவின் உயிர்நிலை. மணத்திற்கு உரியவன் என்பதனாலேயே அவனுக்கு வேறு பெயர். இந்தி எண்ணின் கீழ் ‘அத்தான்’ வைக்கப்பட்டு, அவ்வெண் சகோதரன் என்னும் மேல்வகையின் பண்புகளைப் பெறுமாயின், பொறி எய்தும் முடிவு யாது? சித்தூர் மாவட்டத்திலும் அதற்கு அப்பாலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் மணங்கள் சகோதரனை மணந்த மணங்களாகப் பதிவாகும். எவரும் அவ்வாறு எழுதவில்லை. எழுதியது ஓர் எண் மட்டுமே. எஞ்சியதனை அளவை விதி தானே செய்து முடிக்கிறது.

இச்சிக்கலைத் திட்டத்தார் உணராமல் இல்லை. கருத்துகளை உலகப் பொது, இந்தியப் பொது, மொழிக்குடும்பப் பொது, தனிமொழிக்கு உரியது என அவர்கள் பிரித்தமையே அதற்குச் சான்று. மொழிக்குடும்பப் பொது என்னும் பிரிவு பாராட்டத்தக்கது. ஆயினும் அடித்தளம் ஒரு மொழியாக இருக்கும் வரை, அம்மொழியில் இல்லாதது ‘விதிவிலக்கு’ ஆகிறது. அம்மொழியில் உள்ளது ‘இயல்பு’ ஆகிறது. எது இயல்பு, எது விலக்கு என்பது அறிவுத்துறை வினாவாக மட்டும் நிற்பதில்லை.

இடையில் நிற்கும் மொழி அண்டை மொழிகளின் உறவை மறைத்தல் இந்நாட்டிற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மொழிகள் வடமொழியின் வழிவந்தவை என்பதே ஐரோப்பிய அறிஞர் பலரின் முடிபாக இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தத்தம் நிலையில் வடமொழியோடு ஒப்பிடப்பட்டனவேயன்றித் தம்முள் ஒப்பிடப்படவில்லை. கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு 1816இல் எழுதிய முன்னுரைக் குறிப்பில் எஃப். டபிள்யூ. எல்லிஸ் செய்த புதுமை, அம்மூன்றன் வேர்ச்சொற்களையும் நேர்க்கு நேர் வரிசைப்படுத்தியதே. இடைநின்ற மொழியை விலக்கியவுடன் இனவுறவு புலப்பட்டது. கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டுப் பெருநூல் அதன் பின் வந்தது. எல்லிஸின் முறையைப் பொருண்மை வலைக்கும் உரிய முறையாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. தமிழ்க் கருத்தும் தெலுங்குக் கருத்தும் முதலில் தமக்குள் நேரே பொருத்தப்பெற்று, அப்பொருத்தம் தனிப் பதிவாக நிற்றல் வேண்டும். பொது எண் அதன் பின்னர் வரலாம்.

நேர்ப் பொருத்தத்திலும் இடர் உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில், தென்னிந்தியாவிற் பணியாற்றிய மிஷனரிகள் வழிப் பெற்ற தமிழ் உறவுப் பெயர்களை வட அமெரிக்கச் செனகா மக்களின் உறவுப் பெயர்களோடு ஒப்பிட்டு, இரண்டும் அடிப்படையில் ஒரே அமைப்பு என்றார். அவ்வொருமையை அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர் என்பதற்குச் சான்றாக்கினார். நெருங்கிய உறவினரளவில் ஒப்புமை வியப்பூட்டுவதே. ஆனால் தமிழில் தாய்மாமனும் மாமனாரும் ‘மாமா’ என ஒன்றாவது போல அங்கு ஒன்றாவதில்லை. தந்தையின் அத்தைமகனும் மாமன்மகனும் திராவிட முறையில் மாமன் நிலையினர். அங்கோ தந்தை நிலையினர். ‘நெருங்கிய இணை’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘அதுவே இது’ என்று எழுதியதன் பயனாக, கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும் ஒரு முடிவு பிறந்தது. கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே நிகழ்ந்த பொருத்தற்பிழை இது.

உயர்திணையும் மஹத்தும்

அண்டை மொழிகளாயினும் அவற்றின் பாகுபாடுகள் எல்லாவிடத்தும் ஒத்துச் செல்லா என்பதற்குத் திணைப் பாகுபாட்டினும் சிறந்த சான்று இல்லை. பரவஸ்து சின்னயசூரி 1858இல் வெளியிட்ட பாலவியாகரணம் தெலுங்குப் பெயர்களை மஹத், மஹதீ, அமஹத் என்னும் பெயர்களால் வகுக்கிறது. ஆடவரைக் குறிப்பன மஹத், மகளிரைக் குறிப்பன மஹதீ, ஏனைய அமஹத். மகளிர் பெயர் ஒருமையில் அமஹத்தின் முடிபினைக் கொள்ளும்; பன்மையில் மஹத்தின் முடிபினைக் கொள்ளும். அவள் வந்தாள் என்பதற்கு ‘ஆமெ வச்சிந்தி’. பசு வந்தது என்பதற்கு ‘ஆவு வச்சிந்தி’. வினைமுற்று ஒன்றே. பலராக வரும்போதோ ஆண் பெண் இருபாலார்க்கும் ‘வச்சாரு’ பொதுவாகிறது.

இதனைத் தமிழின் உயர்திணை, அஃறிணையோடு பொருத்த முற்படும் கருவி என்ன செய்யும்? உறுப்பினர் ஒப்புமையை அது எண்ணிப் பார்க்கும். ஆடவர் அனைவரும் இருபுறமும் முதல் வகையில் உள்ளனர். விலங்கும் மரமும் கல்லும் இருபுறமும் இறுதி வகையில் உள்ளன. ஒப்புமை அளவு உயர்ந்து நிற்கும். ‘உயர்திணையே மஹத், அஃறிணையே அமஹத்’ என்னும் பொருத்தம் நல்ல மதிப்பெண்ணோடு தேர்ச்சி பெறும். ஒருமையில் வரும் பெண் எத்திணையினள் என்னும் வினா, அம்மதிப்பெண்ணின் எஞ்சிய சிறு பகுதியில் மறைந்துவிடும். சராசரி அளவால் அளக்கப்படும் வெற்றியில் இழப்பு எவர்பால் விழுகிறது என்று கேட்பதே அறவியலின் வேலை. மக்களில் ஒரு பாதியினர் அங்கு விழுகின்றனர்.

இங்குத் தமிழர் பெருமிதம் கொள்ளவும் இடமில்லை. ஒருமையில் ஆடவரும் ஆடவர் அல்லாதனவும், பன்மையில் மக்களும் மக்கள் அல்லாதனவும் எனப் பகுக்கும் தெலுங்கு முறையே மூலத்திராவிட நிலைக்கு நெருங்கியது என்பது பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் முடிபு. மேலும், வினைமுற்றின் ஈறு ஒன்றாயிருத்தலால் தெலுங்கு பேசுவோர் பெண்ணைப் பசுவோடு ஒப்பக் கருதினர் என்று கூறுவதும் தவறான பொருத்தமே. இலக்கண வகை ஒன்று. உலகப் பொருளின் வகை மற்றொன்று. முன்னதைப் பின்னதாக மாற்றி எழுதும் உரிமை இலக்கணியார்க்கும் இல்லை, பொறியாளர்க்கும் இல்லை. உயர்திணைக்குத் தெலுங்கில் இணையான வகை இல்லை என்று எழுதுவதே நேர்மை. ஆனால் ‘இணை இல்லை’ என்னும் பதிவினைத் தோல்வியாகக் கருதும் மனப்பாங்கு பொருத்துநரிடம் உள்ளது, இது மாறவேண்டும். பொருந்தாதிருத்தல் பொருளின் உரிமை.

வேங்கடம் எத்தனை?

இனி இடப்பெயரை நோக்குவோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் கூறுகிறது. சங்கப் பாடல்கள் புல்லி என்னும் தலைவனோடு வேங்கடத்தை இணைக்கின்றன. ஆங்கு அது பொருள்தேடிச் செல்வோர் கடக்கும் அரிய சுரநெறி. ஆழ்வார்களுக்கு அது திருமால் உறையும் திருவேங்கடம். கல்வெட்டுகளில் திருவேங்கடக் கோட்டம் என்பது நாடுகளை உள்ளடக்கிய ஆட்சிப் பிரிவு. இன்று திருமலை என்பது மலைமேல் உள்ள கோயிலூர். திருப்பதி என்பது அடிவாரத்து நகரம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி, சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைந்த ஒரு மாவட்டத்தின் பெயருமாகும்.

எல்லை, சுரம், திருப்பதி, கோட்டம், நகரம், மாவட்டம் ஆகிய இவற்றை ஒரே எண்ணின் கீழ் வைத்து ‘அதுவே இது’ என்றால், ஒன்றுக்குரிய பண்பு மற்றொன்றிற்கு ஏறும். இது கற்பனை அச்சமன்று. ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1இல் தோன்றியதை ஒட்டி எழுந்த வடவெல்லைப் போராட்டத்தில், பாயிரம் கூறும் வேங்கடமே திருப்பதி, ஆகவே திருப்பதி தமிழகத்திற்கு உரியது என்று ம.பொ.சிவஞானமும் தமிழரசுக் கழகத்தாரும் வாதிட்டனர். அவர்தம் மொழிப்பற்றையும் திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு இணைவதில் அவர்கள் ஆற்றிய பங்கினையும் எவரும் குறைத்துரையார். எனினும், பாயிரம் கூறுவது மொழி வழங்கும் எல்லை. மாநில எல்லை என்பது வருவாய்க் கிராமங்களின் எல்லை. எல்லைச் சிக்கலைத் தீர்க்க வந்த படாஸ்கர் கிராமத்தை அலகாகவும் பெரும்பான்மை மொழியை அளவாகவும் கொண்டார். அவர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. பாயிரத்தின் வேங்கடம் அதனால் இடம்பெயரவில்லை.

ஒரு பிறப்பிடப் பதிவினைக் கொண்டு இதனை மேலும் தெளிவாக்கலாம். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5இல் திருத்தணியிற் பிறந்தார். அப்போது அது வட ஆர்க்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுட் சென்றது. அவர் 1952இல் குடியரசுத் துணைத்தலைவரானபோது அவ்வூர் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1957இல் மீண்டும் அப்பதவியை ஏற்றபோது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. 1962இல் குடியரசுத் தலைவரானபோது மீண்டும் சென்னை மாநிலத்தில் இருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டம். ‘பிறந்த இடம்: சித்தூர் மாவட்டம்’ என்னும் ஒரு பதிவையும் ‘பிறந்த இடம்: தமிழ்நாடு’ என்னும் மற்றொரு பதிவையும் காணும் பொறி முரண்பாடு என்று கூறும், அல்லது திருத்தணியை இன்றைய சித்தூர் மாவட்டத்தில் நிறுத்திவிடும். இரண்டு பதிவுகளும் தத்தம் காலத்தைக் கூறாமையே குறை. மாவட்டம் என்னும் பொருளுக்குத் தொடக்கமும் மாற்றமும் உண்டு. பெயர் மட்டும் நிலைத்து நிற்பதால் பொருளும் நிலைத்து நிற்பதாகத் தோன்றுகிறது.

கல்வெட்டுச் சொற்களிலும் இதே நிலை. கல்வெட்டில் ‘நாடு’ என்பது சில ஊர்களை உள்ளடக்கிய சிறு வேளாண் வட்டாரம் என்பதை எ.சுப்பராயலு முதலியோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. இன்றைய அகராதியை நம்பிய கருவி அதனைத் தேசம் என்று பொருத்திவிடும். தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட திருமலை-திருப்பதிக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றை இணையத் தரவாக்கும் எவரும் இவ்விடரை எதிர்கொண்டே ஆகவேண்டும். சாமவை என்னும் பெருந்தேவி வெள்ளித் திருமேனி அளித்த செய்தியைக் கூறும் கல்வெட்டினைத் தேவஸ்தான மரபு கி.பி. 614 என்கிறது, வரலாற்றறிஞர் பலர் கி.பி. 966 என்பர். மன்னன் பெயர் எவனைக் குறிக்கிறது என்பதைப் பற்றியதே இவ்வேறுபாடு. அதாவது இதுவும் ஒரு ‘அதுவே இது’ வினா. தரவுத்தளம் இதில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழித்தல் கூடாது. இன்னார் இன்ன காரணத்தால் இவ்வாறு பொருத்தினர் என்று இரண்டினையும் வைத்தல் வேண்டும். முன்னூற்றைம்பது ஆண்டு வேறுபாடு ஒரு பெயரின்மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வேறு காரணம் உடைய சொற்கள்

லைப்னிட்ஸ் வழிவந்த ஒருமைக் கருத்துக்கு மாற்று இல்லையா? இதற்கு வேங்கடத்தோடு மரபால் இணைந்த மெய்யியல் ஒன்று விடை தருகிறது. இராமானுசர் வேதார்த்த சங்கிரகத்தைத் திருமலையில் இறைவன் திருமுன் அருளினார் என்பது வைணவ மரபு. அந்நூலில் அவர் விரித்துரைக்கும் கருத்துகளுள் ஒன்று ‘சாமானாதிகரண்யம்’. வெவ்வேறு வழங்குகாரணம் உடைய சொற்கள் ஒரே பொருளில் நிற்றல் என்பது அதன் இலக்கணம். ‘நீலத் தாமரை’ என்னும்போது நீலம் நிறத்தாலும் தாமரை இனத்தாலும் வழங்கும் சொற்கள். இரண்டும் ஒரு மலரில் நிற்கின்றன. நீலத்தன்மையும் தாமரைத்தன்மையும் அதனால் ஒன்றாகிவிடவில்லை. ‘அது நீ’ என்னும் உபநிடத வாக்கியத்திற்கு அத்துவைதம், இரு சொற்களின் சிறப்புப் பொருளையும் களைந்து எஞ்சும் ஒன்றைக் காட்டியது. இராமானுசரோ, சிறப்புப் பொருளைக் களைந்தால் இரண்டு சொற்கள் எதற்கு என்று கேட்டார். உலகிற்குக் காரணமாகிய பரம்பொருளை ‘அது’ என்னும் சொல்லும், உயிரை உடலாகக் கொண்டு நிற்கும் அதே பரம்பொருளை ‘நீ’ என்னும் சொல்லும் குறிக்கின்றன. பொருள் ஒன்று, காரணங்கள் இரண்டு என்பது அவர் விளக்கம்.

சமயத் தத்துவத்தைப் பொறியியலுக்குள் இழுத்தல் தகுமா என்று சிலர் வினவக்கூடும். இங்கு எடுத்துக்கொள்வது முடிபினையன்று, அளவை முறையினையே. ஒருமையைக் கூறும்போதே ஒவ்வொரு பெயரும் எக்காரணத்தால் வழங்குகிறது என்பதை இழக்காமற் கூறலாம் என்பதே நாம் கொள்ள வேண்டியது. புல்லியின் வேங்கடமும் ஆழ்வார்தம் திருவேங்கடமும் ஒரே மலைத்தொடரைச் சுட்டலாம். ஆயின், சுரம் என்னும் காரணத்தால் வந்த கூற்று முன்னதோடும், திருப்பதி என்னும் காரணத்தால் வந்த கூற்று பின்னதோடும் நிற்கவேண்டும். பொருத்துவோர் எழுதவேண்டியது இரு பெயரும் இடையில் ஒரு சமக்குறியும் மட்டுமன்று. எக்காரணத்தால், எக்காலத்திற்கு, எந்த அளவிற்கு, யார் கூற்றாக என்பனவும் அக்குறியோடு சேர்ந்து பயணம் செய்தல் வேண்டும். இதற்கு இடந்தரும் நுட்பங்கள் இன்று உள்ளன. 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் ஒவ்வொரு கூற்றுக்கும் காலமும் சான்றும் இணைக்கலாம். முரண்பட்ட கூற்றுகளையும் அருகருகே வைக்கலாம். அவ்விடங்கள் வெற்றிடமாக விடப்படுவதற்கு நுட்பத்தைக் குறைகூற இயலாது.

ஈண்டுத் தமிழ்த் துறையினர்க்கு ஒரு சொல். பொருத்துதல் கணிப்பொறியாளர் வேலை, நம் வேலை சொற்பட்டியல் தருவதோடு முடிந்தது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. பட்டியலைக் கொடுத்துவிட்டு உறவினைப் பிறர் முடிவு செய்ய விடுதல், நூலைப் பதிப்பித்துவிட்டு உரையை எவரோ எழுத விடுதலை ஒக்கும். மேலும், இடர் மொழி எல்லையில் மட்டும் இல்லை. தொல்காப்பியர் உயர்திணை என்பதை மக்களுக்கே உரியதாகக் கூறுகிறார். தெய்வத்தைச் சுட்டும் பெயர்கள் தமக்கென ஈறு இன்றி உயர்திணை முடிபினைக் கொள்ளும் என்று தனியே வைக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலில் மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணையாகிவிட்டனர். சொல் ஒன்று, மொழி ஒன்று, எழுத்தும் ஒன்று. பெயர் ஒப்புமை முழுமையானது. ஆயினும் தமிழ் இலக்கணச் சொற்களுக்கு நாம் அமைக்கும் தரவுத்தளத்தில் இரு நூல்களின் ‘உயர்திணை’க்கும் ஒரே எண் இடப்படுமாயின், தொல்காப்பியர் தம் உயர்திணையுள் வைக்காத நரகரை அன்று முதல் அவர் வைத்தவராவார்.